வெற்றிடமும் கொஞ்சம் எண்ணெயும்

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சென்ற மாதம் பரணைக் காலி செய்தபோது, பழைய தகரப் பெட்டியொன்றின் அடியில் பஞ்சு சுற்றிய சிறு அட்டைப்பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே ஏழு கண்ணாடிச் சில்லுகள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போமே, அந்த அளவு. ஒரு பக்கம் வெறும் கண்ணாடி. மறுபக்கம் பாதரசத்தை வழித்துவிட்டாற்போன்ற பளபளப்பு.

"முகம் பாக்குற கண்ணாடியாப்பா?" என்று மகள் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால், "இதிலுள்ள அலுமினியத்தையெல்லாம் சுரண்டி எடுத்தால் எவ்வளவு எடை தேறும், சொல் பார்க்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டேன். இயற்பியல் படித்தவர்களைப் பெற்றோராக அடைந்த குழந்தைகளின் பாடு பாவந்தான். விடை அரை மில்லிகிராம். ஒரு கல்லுப்புப் பரலின் எடைகூட இராது. படலத்தின் தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர்; தலைமுடி ஒன்றின் தடிமனில் எழுநூறில் ஒரு பங்கு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பரணில் கிடந்தும் அந்தப் படலம் உரியவில்லை, மங்கவில்லை. அது உரியாமல் நிற்பதற்குக் காரணமான ஒருவரைப் பற்றியும், வேறொரு படலம் உரிந்துபோவதற்குக் காரணமான ஒருவனைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இரண்டாமவன் நான்.

முதலில் இந்தப் படலம் எப்படிப் படிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கொதிக்கும் சோற்றுப்பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் நீர்த்துளிகள் நிற்கும் அல்லவா? அதேதான். அலுமினியத்தைக் காய்ச்சி உருக்கி, உருகியதை மேலும் காய்ச்சி ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்ந்த கண்ணாடியின்மேல் உறையவிடுவது. புறப்பட்டதும் அலுமினியம், போய்ச் சேர்ந்ததும் அலுமினியம். இடையில் வேதிமாற்றம் ஏதுமில்லை. ஆகவே இதற்கு இயற்பியல் ஆவிப்படிவு என்று பெயர்.

இதை நாம் எல்லோரும் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். பழைய குண்டு பல்புகள் பல மாதம் எரிந்தபின் உட்புறத்தில் கறுத்துப் போகும். எங்கள் வீட்டில் அம்மா பல்பைக் காதருகே வைத்து ஆட்டிப்பார்த்து, "இழை அந்துபோச்சு" என்று தீர்ப்பளிப்பார். அந்தக் கறுப்பு புகையன்று. வெண்சூட்டில் எரிந்த டங்ஸ்டன் இழை அணு அணுவாகக் கிளம்பிப்போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட உலோகம். 1880களின் தொடக்கத்தில் எடிசன் தன் கரி இழை பல்புகளில் இதைப் பார்த்தார். அவருடைய பல்புகளில் கருமைக்கு நடுவே ஒரு வெண்கோடு மட்டும் படிவின்றித் தெளிவாக இருந்தது. அது இழையின் ஒரு கால் மறைத்த நிழல். நிழல் விழவேண்டுமானால் பயணம் நேர்க்கோட்டில் நிகழ்ந்திருக்க வேண்டும். வெற்றிடத்தில் ஆவி நேராகப் போகும், வழியில் எதுவும் குறுக்கிட்டால் அங்கே நின்றுவிடும் என்பதை அந்தப் பல்பு ஒற்றைக் கோட்டில் சொல்லிவிட்டது.

நேராகப் போக வேண்டும் என்பதில்தான் எல்லாத் தொல்லையும் அடங்கியிருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு மூலக்கூறு, ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றின்மேல் இடித்துக்கொள்கிறது. திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவன் கதைதான். அலுமினிய அணு அந்தக் கூட்டத்துக்குள் கிளம்பினால் இடிபட்டு, ஆக்சிஜனோடு கூடி, கருஞ்சாம்பலாக எங்காவது உதிரும். ஆகவே கூட்டத்தைக் கலைக்க வேண்டும். காற்றழுத்தத்தை ஏழரைக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால், அதாவது நூறாயிரத்தில் ஒரு டார் என்ற அளவுக்குக் கொண்டுவந்தால், அணு ஒன்று இடிபடாமல் சராசரியாக 5 மீட்டர் போகலாம். எங்கள் ஆய்வகக் கருவியில் அது கடக்க வேண்டிய தூரம் ஒரு சாண்கூட இல்லை.

இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியதற்கு வெற்றிடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் அந்த அழுத்தத்திலும் ஒரு கன சென்டிமீட்டருக்குள் முப்பதாயிரம் கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் மிச்சமிருக்கின்றன. அவை சும்மாயிருப்பதில்லை, மோதியவையெல்லாம் ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொண்டால், ஒரு நொடிக்குள் கண்ணாடிப் பரப்பைப் பலமுறை முழுமையாகப் போர்த்திவிடும். அலுமினியத்தை மெல்ல மெல்லப் பூசினால் படலம் மங்கலாகிவிடுவது இதனால்தான். அசடர்கள் வந்து உட்காருமுன் நல்லவர்களைக் கொண்டு பந்தியை நிரப்பிவிட வேண்டும். இந்த உவமை என்னுடையதன்று, அண்ணாச்சியுடையது.

தென்கோடி ஊர் ஒன்றின் இயற்பியல் துறையில், 1991ஆம் ஆண்டு நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். மெல்லிய படலங்களுக்கான அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதில் பெங்களூரில் செய்த பூச்சுக்கருவி ஒன்று. அதன்மேல் 12 அங்குல விட்டமுள்ள மணிவடிவக் கண்ணாடிக் கூடு. கருவியைப் பராமரித்த டெக்னீஷியனை மாணவர்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைத்தோம். பட்டப்படிப்பு இல்லாதவர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுச் சேர்ந்தவர். ஓய்வு பெற அப்போது அவருக்கு இரண்டோ மூன்றோ ஆண்டுகள் இருந்தன. எங்களைத் 'தம்பி' என்றும் 'தாயி' என்றும் கூப்பிடுவார். நானோ, முதுகலைப் பட்டத்தைப் புதிதாக வாங்கிய திமிரில், அவரைக் கருவியின் ஓர் உதிரிப்பாகமாகத்தான் முதல் சில மாதங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் பிடிவாதமாக இருந்த ஒரே விஷயம் சுத்தம். கண்ணாடிச் சில்லைச் சோப்புக் கரைசலில் கழுவ வேண்டும். குரோமிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். வாலைவடிநீரில் அலச வேண்டும். அசிட்டோனில் முக்கி எடுத்து, ஆல்கஹால் ஆவியில் உலர்த்த வேண்டும். பிறகு இடுக்கியால்தான் தொடலாம். கடைசியில் சில்லின்மேல் வாயால் ஊதிப் பார்ப்பார். மூச்சின் ஈரம் பரப்பெங்கும் ஒரே சீராகப் படர்ந்து ஒரே சீராக மறைந்தால் தலையசைப்பார். எங்காவது திட்டாக நின்றால், "முதல்லேருந்து வாங்க தம்பி." அவ்வளவுதான். மறுபேச்சு கிடையாது.

இதையெல்லாம் பழைய ஆள் ஒருவரின் மடியாசாரம் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் ஜான் ஸ்ட்ராங்கைப் பற்றிப் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது. தொலைநோக்கி ஆடிகளுக்கு வெற்றிடத்தில் அலுமினியம் பூசும் முறையை 1930களில் கலிஃபோர்னியாவில் நிலைநிறுத்தியவர் அவர். அதற்கு முன்பு ஆடிகளுக்கு வேதிமுறையில் வெள்ளி பூசுவார்கள்; வெள்ளி சில மாதங்களிலேயே கறுத்துவிடும். அலுமினியம் வெளியே வந்த கணத்தில் தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடுத் தோலொன்றைப் போர்த்துக்கொள்கிறது. அந்தத் தோல் ஒளிபுகக் கூடியது, உள்ளிருப்பதையும் காக்கிறது. 1935இல் மவுண்ட் வில்சனின் 100 அங்குல ஆடிக்கு அவர் அலுமினியம் பூசினார். பின்னர் பாலோமரின் 200 அங்குல ஆடிக்குப் பூச வந்தபோது தலைமுடிக்குத் தடவும் க்ரீம் எண்ணெய்ப் புட்டிகளோடு வந்தார் என்றும், கூடியிருந்தவர்கள் திகைத்தபோது, கண்ணாடியைச் சுத்தமாக்க வேண்டுமானால் முதலில் அதை முறையாக அழுக்காக்க வேண்டும் என்று விளக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. எண்ணெயைச் சீராகத் தேய்த்து, சுண்ணத்தூளால் அதைத் துடைத்தெடுத்து, மிச்சமிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பை வெற்றிடக் கூட்டுக்குள் மின்னிறக்கத்தால் எரித்துவிடுவது அவர் முறை. எனக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு வளர்ந்தவர்களுக்கு இதை யார் விளக்க வேண்டும்?

ஆடி என்றதும் காவலூர் நினைவுக்கு வருகிறது. ஜவ்வாது மலையில் 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அந்த ஆடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கரைத்தெடுத்துவிட்டுப் புதிதாக அலுமினியம் பூசுவதற்கென்றே அங்கே ஒரு வெற்றிடக் கலம் இருக்கிறது. ஒருமுறை அங்கே போயிருந்தபோது கையிலிருந்த பேருந்துச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4.3 சதுர மீட்டர் பரப்பு, 100 நானோமீட்டர் தடிமன். மொத்த அலுமினியம் ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியும், அதைத் தாங்கும் இரும்பும், மேலே சுழலும் கோளக்கூரையும், இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் கடைசியில் அந்த ஒரு கிராமை நம்பியே இருக்கிறார்கள். வானத்திலிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்புவது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதை ஒழுங்கான வடிவில் பிடித்துவைத்திருக்கும் பல்லக்குத் தூக்கிகள்.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பெரிலிய ஆடிகளுக்கு இதே முறையில் தங்கம் பூசினார்கள். அதற்குச் செலவான தங்கம் 48.25 கிராம். நம்மூர்க் கணக்கில் ஆறு பவுன். பிரபஞ்சத்தின் முதல் விண்மீன் கூட்டங்களைப் பார்க்க ஆறு பவுன் போதுமானதாக இருந்திருக்கிறது. நம்மூரில் அதை வைத்துக்கொண்டு பெண் பார்க்கக்கூட யாரும் வரமாட்டார்கள்.

விண்ணுக்குப் போவானேன்? உருளைக்கிழங்கு வறுவல் அடைத்துவரும் பையைக் கிழித்து உட்புறத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளித்தகடு போலத் தோன்றியது விளக்கொளியை மங்கலாகக் கசியவிடும். பிளாஸ்டிக் சுருளை வெற்றிடக் கூட்டுக்குள் வேகமாக ஓடவிட்டு அதன்மேல் படியவைத்த சில பத்து நானோமீட்டர் அலுமினியம் அது. மலிவான சேலைகளின் ஜரிகையும் அநேகமாக அதுவே: உலோகம் பூசிய பாலியெஸ்டர்த் தாளை மெல்லிய இழைகளாக வெட்டியது. காஞ்சிபுரத்து அசல் ஜரிகையில் பட்டிழைமேல் சுற்றிய வெள்ளிக்கம்பியும் அதன்மேல் தங்கமுலாமும் இருக்கும். இரண்டும் கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் ஒன்றுபோலவே மின்னும். காய்ச்சி ஆவியாக்காமல், ஆர்கான் அயனிகளால் உலோகத்தை அடித்து அணுக்களைப் பெயர்த்தெடுக்கும் முறையும் இருக்கிறது. இன்றைய சில்லுத் தொழிற்சாலைகளில் அதுவே பெரிதும் புழக்கத்தில் உள்ளது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தப்பித்துவிடுவேன். ஏற்கெனவே போதுமான அளவு சுற்றி வந்தாயிற்று.

எங்கள் கருவியின் இதயம் டிஃப்யூஷன் பம்ப் என்ற எண்ணெய் பம்ப். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாதது. அடியிலே எண்ணெயைக் கொதிக்கவைப்பார்கள். அதன் ஆவி நடுக்குழாய் வழியே மேலேறி, குடைபோன்ற மூடிகளின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மிகுந்த வேகத்தில் பாயும். பாயும்போது எதிர்ப்படும் காற்று மூலக்கூறுகளைத் தலையிலடித்துக் கீழே தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர்க்குழாய் சுற்றிய குளிர்ந்த சுவரில் தான் மட்டும் மீண்டும் எண்ணெயாகி அடிக்குத் திரும்பும். கீழே தள்ளப்பட்ட காற்றைச் சாதாரணச் சுழல் பம்ப் ஒன்று வெளியே இழுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு சாபம் உண்டு. எண்ணெய் சூடாக இருக்கும்போது வெளிக்காற்று மேலே பட்டுவிடக் கூடாது. பட்டால் எண்ணெய் கருகும். கருகிய ஆவி கூடெங்கும் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கோன் எண்ணெயாக இருந்தால் ஓரளவு தாங்கும். அது விலை அதிகம் என்பதால் எங்கள் துறையில் தாது எண்ணெய்தான்.

ஆகவே வேலை முடிந்ததும் பம்பையும் கூட்டையும் பிரிக்கும் பெரிய வால்வை முதலில் மூட வேண்டும். மூடியாயிற்றா என்று இரண்டாம் முறை பார்க்க வேண்டும். அதன்பிறகே கூட்டுக்குள் காற்றை விடும் சிறிய வால்வைத் திறக்க வேண்டும். இதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அண்ணாச்சி தன் கையாலேயே எழுதி ஒட்டியது.

அது நவம்பர் மாதம், மழை. இரவு பத்தரை மணிக்கு நான் தனியாக இருந்தேன். பகலெல்லாம் மின்சாரம் வந்து வந்து போனதால் என் முறை தள்ளிப்போயிருந்தது. பூச்சு முடிந்தது. விடுதியின் கதவைப் பதினொரு மணிக்கு அடைத்துவிடுவார்கள். எழுந்து நின்றேன், கை சிறிய வால்வுக்குப் போயிற்று, திறந்தேன். உஸ்ஸென்ற ஒலி வழக்கத்தைவிட நீண்டது. அழுத்தமானியின் முள் ஒரேயடியாகப் போய் மோதியது. கூட்டுக்குள் மெல்லிய வெண்புகை கீழிருந்து எழுந்து சுழன்றதைப் பார்த்த பிறகே பெரிய வால்வு திறந்திருப்பது உறைத்தது.

அடுத்துச் செய்ததையெல்லாம் மிகவும் நிதானமாகச் செய்தேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஹீட்டரை அணைத்தேன். வால்வுகளை அடைத்தேன். கூட்டைத் தூக்கி உட்புறத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தேன். சன்னலைத் திறந்து நாற்றம் போகும்வரை நின்றேன். பிறகு லாக் புக்கை எடுத்து, நாள், நேரம், எட்டிய அழுத்தம், பூசிய பொருள் எல்லாவற்றையும் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'ஷட் டவுன் நார்மல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுத்து நடுங்கக்கூட இல்லை.

மறுநாள் கருவி ஒரு மூத்த மாணவியின் முறை. அக்கா என்று கூப்பிடுவோம். குறிப்பிட்ட ஒரு நிறத்தை மட்டும் விடுத்து மற்றவற்றைத் தடுக்கும் ஒளிவடிகட்டியைச் செய்துகொண்டிருந்தார். துத்தநாக சல்ஃபைடு ஓர் அடுக்கு, கிரையோலைட் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பதினோர் அடுக்குகள். முன்னது 60 நானோமீட்டர். பின்னது 100ஐ ஒட்டி. ஒவ்வொன்றும் ஒளியலையின் நீளத்தில் கால்பங்கு நிற்கும்படி நிறுத்த வேண்டும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இருட்டிவிடும். அன்றைக்கு அழுத்தம் இறங்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. மழைக்கால ஈரம் என்று நினைத்தாராம். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். இரண்டு முறை அந்த அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

மாலையில் சில்லுகளை வெளியே எடுத்துவைத்த சற்று நேரத்துக்கெல்லாம் படலம் வறண்ட குளத்துச் சேறுபோல வெடித்து, விளிம்புகளில் சுருண்டு உரிய ஆரம்பித்தது. ஆறு சில்லுகளும். அவருடைய உதவித்தொகை அடுத்த மார்ச்சோடு முடிவதாக இருந்தது.

பேராசிரியர் வந்தார். பம்பைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே எண்ணெய் தார்போலக் கறுத்திருந்தது. "வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுத்தம் பண்ணணும்னு எத்தனை வாட்டி சொல்றது? ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஒப்பேத்திடலாம்னு நினைச்சீங்களா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. லாக் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முந்தைய நாள் பக்கத்தில் அவர் விரல் இருந்தது. ஒரு கணம் என் பக்கம் பார்த்தாரா, அல்லது அப்படி எனக்குத் தோன்றியதா என்று இன்றும் தீர்மானிக்க முடியவில்லை. வாரக் கடைசியில் அவருக்கு ஒரு மெமோ வந்தது.

மெமோ வருமுன்பே, அடுத்த நாள் காலை, அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "தம்பி, பம்பைக் கழத்தணும். ஒத்தையில தூக்க முடியாது. கொஞ்சம் கை குடுக்கியளா?" மற்ற மாணவர்கள் மூவர் அங்கே சும்மாதான் இருந்தார்கள்.

மூன்று நாள் ஆயிற்று. குடைமூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அரக்குபோல ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டி, கரைப்பானில் ஊறவைத்து, மறுபடி சுரண்டி, துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தோம். ரப்பர் வளையங்களை விரலால் உருட்டி வெடிப்புத் தேடினோம். அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிலாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டேயிருந்தார். டங்ஸ்டன் சுருளில் அலுமினியக் கம்பியை எப்படிக் கொக்கிபோல மாட்டுவது; உருகிய அலுமினியம் சுருளையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், ஆகவே அது வெண்சூட்டை எட்டும்போது எத்தனை நொடி தாங்கும்; முதலில் கிளம்பும் அழுக்கு ஆவியைத் தடுக்க மறைதகட்டை எப்போது விலக்குவது. பந்தி உவமையை அப்போதுதான் சொன்னார். பம்பின் அடித்தட்டை மோந்து பார்க்கச் சொன்னார். கசந்த புகைநெடி. "இந்த வாசனை மூக்குல நின்னுச்சுன்னா, பொறவு எந்த ரூமுக்குள்ள போனாலும் கண்டுபிடிச்சிரலாம் தம்பி," என்றார். நான் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் புது எண்ணெய் ஊற்றி, காற்றை இழுத்து, என்னையே பூசச் சொன்னார். ஏழு சில்லுகள். சுருள் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்தது. மறைதகட்டை விலக்கிய இரண்டு மூன்று நொடிகளில் கூட்டின் உட்சுவரெங்கும் வெள்ளி ஏறி, எரியும் சுருளே கண்ணுக்கு மறைந்துபோனது. ஆறவைத்து வெளியே எடுத்ததும், சட்டைப்பையிலிருந்து ஒட்டுநாடாச் சுருளை எடுத்து நீட்டினார். படலத்தின்மேல் நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்க வேண்டும். பிடிப்பு இல்லையென்றால் உலோகம் நாடாவோடு வந்துவிடும்.

"இழுத்துப் பாருங்க."

ஏழையும் இழுத்தேன். நாடா வெறுமையாக வந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோங்க," என்றார்.

அக்கா அந்த வடிகட்டிகளை மறுபடி பூசி, அளந்து, எழுதி முடிக்க மே மாதம் கடந்துவிட்டது. கடைசி இரண்டு மாதங்கள் உதவித்தொகை இல்லாமல், ஊரிலிருந்து பணம் வரவழைத்துச் சமாளித்தார். பிறகு வெளிநாடு போனார். 2003இல் அவருடைய மின்னஞ்சல் முகவரி தற்செயலாகக் கிடைத்தது. நான்கு பத்தியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. அண்ணாச்சிக்கு இது தெரியுமா என்று கேட்டிருந்தார். என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

அந்த ஒரு வரி இருக்கவிடவில்லை. 2004 பொங்கல் விடுமுறையில் அண்ணாச்சியின் கிராமத்துக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பத்தாண்டு ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் டைனமோ ஒன்றைப் பிரித்துப்போட்டிருந்தார். உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார். குடும்ப விசாரிப்புகள் முடிந்தன.

"அண்ணாச்சி, அந்தப் பம்ப் கருகிப்போச்சே, அதுக்கு முந்தின நாள் ராத்திரி..."

"காபி ஆறுது தம்பி, குடிங்க." டைனமோவின் ஒரு துண்டைத் துடைத்து ஓரமாக வைத்தார். "இப்ப அங்க என்ன பம்ப் போட்டிருக்காக?"

சொன்னேன். டர்போ பம்ப் வந்துவிட்டது. விசிறிபோல அடுக்கடுக்காக இலைகள். நிமிஷத்துக்கு அறுபதாயிரம் சுற்று.

"அப்ப எண்ணெயே கெடையாதா?"

"கூட்டுப் பக்கம் எண்ணெயே வராது அண்ணாச்சி."

சற்று யோசித்தார்.

"அது சுத்திக்கிட்டு இருக்கையில யாராவது தெரியாத்தனமா காத்தைத் தெறந்துவிட்டா?"

"இலையெல்லாம் நொறுங்கிரும்."

"சத்தம் கேக்கும்லா?"

"கட்டடம் பூரா கேக்கும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அப்ப லாக் புக்ல எழுதித்தான் ஆகணும்," என்றார்.